இருபத்தோர் இலக்க எண் ஒன்றின் வரலாறு

எண்களுக்கும் வரலாறு உண்டு. அரசர்களின் வரலாற்றில் வரும் போரும் முடிசூட்டும் அதில் இல்லை. ஆயினும் தகாத புகழும், நெடுங்காலக் காத்திருப்பும், இறுதியில் வெளிப்படும் உண்மையும் அதிலும் உண்டு. அத்தகைய வரலாறு உடைய எண்களுள் ஒன்று இது:

147,573,952,589,676,412,927

இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை இலட்சம், கோடி என்னும் வழக்கில் சொல்வதானால், ஏறத்தாழப் பதினான்கே முக்கால் இலட்சம் கோடி கோடி எனலாம். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கு அடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கச் சொல்லி மன்னனைத் திகைக்க வைத்த அறிஞனின் கதையைக் கேட்டறியாதார் இலர். பலகையில் உள்ள கட்டங்கள் 64. இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்து, 67 கட்டங்களையும் அவ்வாறே நிரப்பினால் மொத்தம் எத்தனை நெல்மணிகள் ஆகுமோ, அத்தனையே இவ்வெண். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தாலும் இதுவே கிடைக்கும். கணித நூல்கள் இதனை 2⁶⁷ − 1 என்று சுருக்கி எழுதும்.

1644ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் துறவி ஒருவர் இதனைப் பகா எண் என்று எழுதி வைத்தார். 1876இல் அது பிழை என்று தெரிந்தது. 1903இல்தான் இவ்வெண் எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்பது வெளிப்பட்டது. இடையில் கழிந்தவை 259 ஆண்டுகள். ஒரு கூற்றை நாம் நம்புவது சொன்னவரின் பெருமையாலா, அல்லது அதனைச் சரிபார்க்கும் வழி கையில் இருப்பதாலா என்னும் கேள்விக்கு அந்த ஆண்டுகள் விடை கூறுகின்றன.

பகா எண்ணும் நிறைவெண்ணும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை பகா எண்கள். 15 அவ்வாறன்று, அது 3, 5 என்னும் காரணிகளின் பெருக்கம். ஆதலின் அது பகு எண்.

கிரேக்கர்கள் பகா எண்களோடு மற்றொரு வகை எண்களையும் போற்றினர். 6 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. இம்மூன்றையும் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. 28ஐ வகுப்பன 1, 2, 4, 7, 14. இவற்றின் கூட்டுத்தொகையும் 28. தன் காரணிகளின் கூட்டே தானாக அமையும் இத்தகைய எண்ணை நிறைவெண் என்றனர். அடுத்த இரண்டு நிறைவெண்கள் 496, 8128.

இவை எங்ஙனம் பிறக்கின்றன என்பதைக் கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் மெய்ப்பித்தார். ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே கூட்டுக. வரும் தொகை பகா எண்ணாயின், அதனைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்குக. கிடைப்பது நிறைவெண். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டு 7. அதனை 4ஆல் பெருக்க 28. 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டு 31; அதனை 16ஆல் பெருக்க 496. இடையில் வரும் 15 பகு எண் ஆதலால் அதிலிருந்து நிறைவெண் பிறக்கவில்லை. இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாம் இவ்வழியில் மட்டுமே பிறக்கும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார்.

எனவே நிறைவெண்களைத் தேடுவோர்க்கு ஒரே கேள்விதான் எஞ்சியது. இரண்டை இரண்டால் பல முறை பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் எண்களுள் எவை பகா எண்கள்? எத்தனை இரண்டுகள் என்பதைக் காட்டும் அடுக்கு பகு எண்ணாயின், விடையும் பகு எண்ணே ஆகும் என்பது எளிதில் தெரியும். அடுக்கு 6 ஆயின் வருவது 63. அது 3ஆலும் 7ஆலும் வகுபடுகிறது. அடுக்கு பகா எண்ணாயின் எப்படி? 2, 3, 5, 7 என்னும் அடுக்குகள் 3, 7, 31, 127 என்னும் பகா எண்களைத் தருகின்றன. இந்நான்கைக் கண்டவர்கள் இவ்விதி என்றென்றும் செல்லும் என்று எண்ணினால் வியப்பில்லை. ஆனால் அடுத்த அடுக்காகிய 11 அந்நம்பிக்கையை முறித்தது. 11 இரண்டுகள் தருவது 2047. அது 23, 89 என்பவற்றின் பெருக்கம் என்று 1536இல் ரீஜியஸ் என்பார் காட்டினார். 17, 19 என்னும் அடுக்குகள் பகா எண்களையே தருகின்றன என்பதை 1588இல் இத்தாலியரான கட்டால்டி ஒவ்வொரு வகுத்தலாகச் செய்து நிலைநாட்டினார். ஆனால் அவரே 23, 29, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று கூறிப் பிழைபட்டார். நாலைந்து எடுத்துக்காட்டுகளைக் கண்டு விதி வகுப்பது எவ்வளவு இடர் தருவது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் இல்லை.

மெர்சேனின் பட்டியல்

மாரென் மெர்சேன் 1588இல் பிரான்சில் பிறந்தவர். மினிம் என்னும் துறவியர் அமைப்பைச் சேர்ந்தவர். முதல் அறிவியல் இதழ்கள் 1665இல்தான் தோன்றின. அதற்கு முன் ஓர் ஊர் அறிஞர் கண்டதை மற்றோர் ஊர் அறிஞர் அறியக் கடிதமே வழி. அந்தக் கடிதங்களின் சந்திப்பாக விளங்கியது பாரிஸில் மெர்சேன் தங்கியிருந்த மடம். கலிலியோ, தெக்கார்த், பெர்மா முதலிய பேரறிஞர்களோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். ஒருவர் விடுத்த கணக்கை மற்றவருக்கு அனுப்பி, விடையை வாங்கி, மூன்றாமவருக்குத் தெரிவிப்பது அவர் பணி. தாம் கண்டுபிடித்ததைவிடப் பிறரைக் கண்டுபிடிக்கச் செய்ததே அவர் பெருந்தொண்டு.

1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும். ஏனையவை தரா என்பது அவர் கூற்று. எந்த முறையால் கண்டார் என்பதை அவர் சொல்லவில்லை. மெய்ப்பும் தரவில்லை.

பட்டியலின் கடைசி எண் 78 இலக்கங்கள் உடையது. ஆனால் அதே காலத்தில் மெர்சேனே மற்றொன்றையும் எழுதியிருக்கிறார். பதினைந்து அல்லது இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பகா எண்ணா என்று அறிவதற்கு முழுக் காலமும் போதாது என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் இருபத்தோர் இலக்க எண்ணை அவர் எவ்வாறு சோதித்திருப்பார்? இக்கேள்வியைக் கேட்டோர் பலர். கேட்டும், பட்டியலை ஒதுக்கிவிடத் துணிந்தவர் சிலரே. மெர்சேன் பெரிய அறிஞர். அவரினும் பெரிய பெர்மாவோடு பழகியவர். ஏதோ ஒரு மறைவான வழி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் நிலவியது. இவ்வகை எண்கள் இன்றும் மெர்சேன் எண்கள் என்றே வழங்குகின்றன.

பெர்மாவும் ஆய்லரும் தந்த கருவிகள்

ஓர் எண் பகா எண்ணா என்று அறியும் நேர்வழி, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. 2⁶⁷ − 1இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,214 கோடி. அவ்வளவு தொலைவு கையால் வகுத்துச் செல்வது மனிதரால் ஆகாத செயல்.

இப்பெருவேலையைக் குறைக்கும் வழியை 1640இல் பெர்மா கண்டு மெர்சேனுக்கு எழுதினார். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாயின், அந்த மெர்சேன் எண்ணைக் கண்ட எண்ணெல்லாம் வகுக்க முடியாது. அதன் ஒவ்வொரு காரணியும் அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் 1 மீதியாகும் எண்ணாகவே இருத்தல் வேண்டும். அடுக்கு 37ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இருமடங்கு 74. ஆகவே 75, 149, 223 என வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 75 பகா எண் அன்று. 149 வகுக்கவில்லை. 223 வகுத்துவிட்டது. 137,438,953,471 என்னும் பன்னிரண்டு இலக்க எண் இரண்டே வகுத்தல்களில் பகு எண் என்று தெரிந்தது. கட்டால்டியின் பிழைகளுள் இரண்டு இவ்வாறு நீங்கின.

பின்னர் மற்றொரு வடிகட்டியும் சேர்ந்தது. அக்காரணிகளை 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மீதியாகும். இவ்விரண்டு விதிகளையும் கொண்டு, அடுக்கு 31 தரும் 2,147,483,647 பகா எண்ணே என்பதை ஆய்லர் 1772இல் அறிவித்தார். அதன் வர்க்கமூலம் 46,340. அதுவரையுள்ள பகா எண்கள் ஐயாயிரத்திற்குச் சற்றுக் குறைவு. விதிகளுக்கு உட்பட்டு எஞ்சியவை நூற்றுக்கும் குறைவே. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. அப்போது ஆய்லருக்கு அகவை அறுபத்தைந்து; கண்பார்வை பெரும்பாலும் போய்விட்ட காலம். மெர்சேன் பட்டியலின் எட்டாம் எண் இவ்வாறு உறுதிப்பட்டது. பட்டியலின் மதிப்பும் உயர்ந்தது.

அடுத்து நின்றது 67. அதன் இருமடங்கு 134. எனவே 135, 269, 403 என ஒவ்வொரு 134க்கும் ஒரு முறை வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். ஆனால் அந்த வரிசையில் உண்மையான காரணி எங்கே நிற்கிறது தெரியுமா? 1,445,580ஆம் இடத்தில். ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், உண்ணாமல் உறங்காமல் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். எட்டின் விதியால் பாதியை நீக்கி, 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றையும் தள்ளினாலும், இரவு பகலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேவை. ஆய்லருக்குத் துணைநின்ற கருவி இங்கே மழுங்கிவிட்டது.

காரணி தெரியாமலே தெரிந்த உண்மை

புதிய கருவியைச் செய்தவர் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக்காரர் (1842–1891). உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர். மூன்று கம்பங்களுள் ஒன்றில் அடுக்கிய வட்டுகளை மற்றொன்றுக்கு மாற்றும் ஹனோய்க் கோபுரம் என்னும் விளையாட்டை 1883இல் வெளியிட்டவரும் இவரே. அவ்விளையாட்டில் 64 வட்டுகள் இருப்பின் வேண்டிய நகர்வுகளின் எண்ணிக்கை, சதுரங்கப் பலகை நெல்மணிகளின் எண்ணிக்கையே.

ஓர் எண்ணை வகுத்துப் பாராமலே அது பகா எண்ணா என்று அறியலாம் என்பது லூக்காவின் கண்டுபிடிப்பு. அவருடைய முறையை 1930இல் அமெரிக்கரான லெமர் எளிய வடிவில் அமைத்தார். அவ்வடிவம் பள்ளி மாணவரும் செய்யத்தக்கது. 4இல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் 2ஐக் கழிக்க. வருவதைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அம்மீதியின் வர்க்கத்தில் மீண்டும் 2ஐக் கழித்து, மீண்டும் வகுக்க. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதனைச் செய்க. கடைசி மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

31ஐச் சோதிப்போம். அதன் அடுக்கு 5. ஆகவே மூன்று தடவை. 4இன் வர்க்கத்தில் 2ஐக் கழிக்க 14. 14இன் வர்க்கத்தில் 2ஐக் கழிக்க 194. அதனை 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கத்தில் 2ஐக் கழிக்க 62. வகுக்க மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047க்கு இதனையே ஒன்பது தடவை செய்தால் கடைசி மீதி 1736. பூச்சியம் வரவில்லை. ஆதலின் அது பகு எண். 23, 89 என்னும் காரணிகள் இச்சோதனையில் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1876ஆம் ஆண்டில் லூக்கா இரண்டு முடிவுகளை அறிவித்தார். முதலாவது, அடுக்கு 127 தரும் 39 இலக்க எண் பகா எண்ணே என்பது. மெர்சேன் சொன்னது சரியாயிற்று. இரண்டாவது, அடுக்கு 67 தரும் எண் பகா எண் அன்று என்பது. மெர்சேன் சொன்னது பிழையாயிற்று. ஒரே ஆண்டில், ஒரே ஆசிரியரின் கையால், அந்தப் பட்டியல் பெருமையும் பெற்றது, குட்டும் பட்டது.

ஆனால் லூக்காவின் இரண்டாம் முடிவு விந்தையான நிலையை உண்டாக்கியது. அவ்வெண்ணுக்குக் காரணிகள் உண்டு என்பது தெரியும். அவை எவை என்பது தெரியாது. பூட்டிய பெட்டியை நிறுத்துப் பார்த்து உள்ளே பொருள் உண்டு என்று அறிந்தாயிற்று. திறவுகோல் மட்டும் கிட்டவில்லை. மேலும், லூக்காவை நம்பாதவர் அவர் முடிவைச் சரிபார்க்க விரும்பினால், மிகப் பெரிய எண்களை வைத்துக்கொண்டு அறுபதுக்கும் மேற்பட்ட நெடுங்கணக்குகளைச் செய்ய வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் அனைத்தும் வீண். அத்தனை உழைக்க மனமில்லாதவர்கள் மெர்சேனின் சொல்லுக்குப் பதிலாக லூக்காவின் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள்; அவ்வளவே.

கோல் எழுதிய பெருக்கல்

பிராங்க் நெல்சன் கோல் 1861இல் பிறந்த அமெரிக்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளராக 1896 முதல் 1920 வரை பணிபுரிந்தவர். தாம் ஓய்வு பெற்றபோது அன்பர்கள் அளித்த பணமுடிப்பைச் சங்கத்துக்கே திருப்பித் தந்தவர்; அப்பணத்தைக் கொண்டே அவர் பெயரால் ஒரு கணிதப் பரிசு நிறுவப்பட்டது.

அவர் 2⁶⁷ − 1இன் காரணிகளைத் தேடத் துணிந்தார். பெர்மா காலத்திலிருந்தே அறியப்பட்ட மற்றொரு வழி உண்டு. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வேறுபாடாக எழுத முடியுமானால் காரணிகள் தாமே வெளிப்படும். 56இன் வர்க்கம் 3136. 33இன் வர்க்கம் 1089. இவற்றின் வேறுபாடு 2047. உடனே 56இலிருந்து 33ஐக் கழிக்க 23. இரண்டையும் கூட்ட 89. 2047இன் காரணிகள் இவையே. பெரிய எண்ணுக்கு இத்தகைய வர்க்கங்களைக் கண்மூடித்தனமாகத் தேடினால் ஆயுள் போதாது. ஆனால் வர்க்கங்களுக்குச் சில இயல்புகள் உண்டு. எந்த வர்க்கமும் 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடிவதில்லை. 10ஆல் வகுக்கும்போது கிடைக்கும் இக்கட்டுப்பாட்டைப் போல வேறு பல எண்களால் வகுக்கும்போதும் கட்டுப்பாடுகள் கிடைக்கின்றன. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தேட வேண்டிய இடம் குறுகிக்கொண்டே வரும். இத்தகைய வழியில்தான் கோல் தம் விடையை அடைந்தார்.

1903 அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் அதனை வெளியிட்டார். அன்றைய நிகழ்ச்சியை எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித அறிஞர் 1951இல் வெளிவந்த தம் நூலில் வருணித்திருக்கிறார். கோல் ஒன்றும் பேசாமல் கரும்பலகையை அணுகினார். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் 67ஆம் அடுக்கை எழுதினார். அதில் ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து, இரண்டு எண்களை எழுதிக் கையாலேயே நெடும்பெருக்கல் செய்தார்:

193,707,721 × 761,838,257,287

இரு விடைகளும் ஒன்றாயின. அவையோர் கைதட்டினர். கோல் ஒரு சொல்லும் பேசாமல் இருக்கையில் அமர்ந்தார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எவ்வளவு காலம் ஆயிற்று என்று 1911இல் தாம் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையிறுத்ததாகவும் பெல் எழுதுகிறார்.

பெல் கதை சொல்வதில் வல்லவர். நிகழ்ந்து ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து எழுதப்பட்ட வருணனை இது. கோல் உண்மையில் ஒரு சொல்லும் பேசவில்லையா என்பதற்குப் பெல்லின் எழுத்தே சான்று. அதனை நம்புவோர் நம்பலாம், ஐயுறுவோர் ஐயுறலாம். ஆனால் பலகையில் எழுதப்பட்ட பெருக்கலுக்கு எவருடைய சான்றும் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் சிறிது பொறுமையும் உடைய எந்த மாணவரும் அதனைச் செய்து பார்க்கலாம். முழுவதும் பெருக்க நேரமில்லாதவர் பழைய ஒன்பது கழிக்கும் சோதனையைச் செய்யலாம். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதையும் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாம் காரணியின் இலக்கங்களின் கூட்டு 64; அதுவும் 10 ஆகி, 1 ஆகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. இருபத்தோர் இலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109. அதுவும் 10 ஆகி, 1 ஆகிறது. இச்சோதனை மட்டுமே முழு மெய்ப்பாகாது. எனினும் பெருக்கலில் நேரும் பல பிழைகள் இதில் அகப்பட்டுவிடும். கடைசி மூன்று இலக்கங்களையும் காணலாம். 721ஐ 287ஆல் பெருக்கினால் 206,927. மெர்சேன் எண்ணின் முடிவும் 927.

லூக்காவின் முடிவுக்கும் கோலின் விடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதைச் சரிபார்க்க நீண்ட உழைப்பு வேண்டும். பின்னதைக் கண்டுபிடிக்க மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன; சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பின் மெர்சேனின் புகழும் வேண்டாம். லூக்காவின் திறமையும் வேண்டாம். கோலின் பெயரும் வேண்டாம்.

பட்டியலின் முடிவு

இதற்குள் பட்டியலின் வேறு குறைகளும் வெளிவரத் தொடங்கியிருந்தன. 1883இல் உரால் மலைப் பகுதியைச் சேர்ந்த ருசியப் பாதிரியார் இவான் பெர்வூஷின், அடுக்கு 61 தரும் 19 இலக்க எண் பகா எண் என்று காட்டினார். மெர்சேன் அதனைக் குறிப்பிடவில்லை. 61 என்று எழுதியதே அச்சில் 67 ஆகிவிட்டது என்று சொல்லி அவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் உண்டு. ஆனால் 1911இல் அடுக்கு 89ஐயும், 1914இல் அடுக்கு 107ஐயும் அமெரிக்கரான பவர்ஸ் பகா எண் தருவனவாகக் கண்டார். இவ்விரண்டும் மெர்சேனின் பட்டியலில் இல்லை. அவர் சொன்ன 257ஓ பகு எண்ணைத் தருவது என்று பின்னர்த் தெரிந்தது. அத்தனையையும் அச்சுக்கோப்பவர் தலையில் சுமத்த இயலாது.

257 வரையுள்ள எல்லா அடுக்குகளும் 1947ஆம் ஆண்டளவில் சோதித்து முடிக்கப்பட்டன. மெர்சேன் சொன்ன பதினொன்றில் ஒன்பது சரி, இரண்டு தவறு, மூன்றை அவர் விட்டுவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பட்டியல் திருத்தம் பெற்றது. எனினும் மெர்சேனைப் பழிப்பது நன்றியன்று. தவறாக இருப்பினும் தெளிவாக இருந்தது அவர் கூற்று. அந்தத் தெளிவினால்தான் அதனைச் சோதிக்க முடிந்தது. சோதிக்கப் புகுந்தவர்கள் புதிய கணிதத்தையே ஆக்கிவிட்டார்கள்.

1952 ஜனவரி 30ஆம் நாள், கலிபோர்னியாவில் ராபின்சன் எழுதிய கட்டளைகளின்படி ஒரு மின்னணுக் கணிப்பொறி லூக்காவின் சோதனையைச் செய்தது. அந்த ஒரே நாளில் அடுக்கு 521, 607 ஆகியவை தரும் இரண்டு புதிய பகா எண்கள் கிடைத்தன. முன்னது 157 இலக்கங்கள் உடையது; பின்னது 183 இலக்கங்கள் உடையது. 1996 முதல் பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் கணினிகளை இணைத்து இத்தேடலை நடத்திவருகின்றனர். 2024 அக்டோபரில் அவர்களுள் ஒருவரான லூக் டுராண்ட் கண்டெடுத்த மெர்சேன் பகா எண்ணின் அடுக்கு 136,279,841. அதன் இலக்கங்கள் நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. அதனை உறுதிப்படுத்தியதும் பள்ளி ஆசிரியர் லூக்கா வகுத்த வழியே.

பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது

இவற்றால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. நெடுங்காலம் அதற்கு நேரான விடை இல்லை. 1977இல் விடை கிடைத்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததை மீண்டும் பிரிப்பது மிகமிக அரிது. கோலின் ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் கரும்பலகைப் பெருக்கலும் காட்டிய இந்த வேறுபாட்டையே பூட்டாக்கினர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர். பெருக்கலின் விடையை உலகறிய வெளியிடலாம். அதனைக் கொண்டு எவரும் ஒரு செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க வல்லவர், அவ்விடையின் இரு காரணிகளையும் அறிந்தவர் ஒருவரே.

தங்கள் பூட்டின் உறுதியைக் காட்ட 129 இலக்க எண் ஒன்றை அவர்கள் வெளியிட்டு, அதில் பூட்டிய செய்தியைத் திறப்பவர்க்கு 100 டாலர் பரிசு என்றனர். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று கருதப்பட்ட அவ்வேலை 1994இல் முடிந்தது. அறுநூறு தொண்டர்கள் தங்கள் கணினிகளை ஏறத்தாழ எட்டு மாதங்கள் உழைக்க வைத்து, அவ்வெண்ணை 64 இலக்கங்களும் 65 இலக்கங்களும் கொண்ட இரண்டு பகா எண்களாகப் பிரித்தனர். பிரித்தல் அரிதே, ஆனால் எவ்வளவு அரிது என்பதை அறிஞர்களும் தவறாக மதிப்பிடக்கூடும் என்பது அதில் கிடைத்த பாடம். பின்னர் இவ்வகைப் பூட்டுகளுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உடைய எண்கள் வழக்கத்துக்கு வந்தன. வங்கிக் கணக்கிலிருந்து கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்புவோரின் இரகசியங்களைக் காக்கும் பூட்டுகளுள் இவ்வகையும் ஒன்று.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய எண்களைப் பிரிப்பதற்கு எளிய வழியே கிடையாது என்பதற்கு மெய்ப்பு எதுவும் காணப்படவில்லை. அரிது என்று நம்புவதற்குக் காரணம், பலர் முயன்றும் எளிய வழியொன்று வெளிப்படாததே. குவாண்டம் இயல்பில் இயங்கும் கணினி போதிய வலிமை பெற்றால் இப்பிரித்தலை விரைவாகச் செய்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் நிறுவினார். அதனை எண்ணியே அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2024இல் வேறு வகைப் பூட்டுகளுக்கான விதிகளை வெளியிட்டது. மெய்ப்பில்லாத நம்பிக்கை எவ்வளவு காலம் நிலைத்தாலும் அது நம்பிக்கையே. உண்மையாகிவிடாது என்பதை மெர்சேனின் பட்டியல் முன்பே காட்டியிருக்கிறது.

எனவேதான் 147,573,952,589,676,412,927 என்னும் எண் வகுப்பறைக்கு உரியதாகிறது. பேரறிஞர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அது 232 ஆண்டுகள் பகா எண்ணாகப் பெயர் பெற்றிருந்தது. அதன் இயல்போ ஒரு நாளும் மாறவில்லை. மெர்சேன் பட்டியலை எழுதிய நாளிலும் 193,707,721 அதனை மீதியின்றி வகுத்துக்கொண்டுதான் இருந்தது. மாணவர் ஒருவர் இன்று அப்பெருக்கலைத் தம் கையால் செய்து முடிப்பாராயின், மூன்று நூற்றாண்டுப் பெயர்களுள் எதனையும் நம்பவேண்டிய தேவை அவருக்கு இராது. அவரிடம் விடை இருக்கும்.